எழுப்பாமல் விட்ட காமன்

எங்கள் வீட்டுக்காரர் வருஷத்தில் பதினாறு நாள் பொம்பளை. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன. மிச்ச நாளெல்லாம் கவ்வாத்துக் கத்தியோடு மலையில் நின்று தேயிலைச் செடிக்குத் தலை வெட்டுகிற, தோள் பருத்த மனுஷன்தான் அவர். பெயர் விஜேந்திரன். மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் அவர் கையில் மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டுவார்கள். அன்றைக்கே மீசை போய்விடும். எங்கள் வெள்ளப்பாறைத் தோட்டத்துக் காமன் கூத்தில் பதினாலு வருஷமாக அவர்தான் ரதி.

கதை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெண்சாதியைப் பறிகொடுத்த சிவன் கண்ணை மூடித் தவத்தில் உட்கார்ந்துவிட்டார். அவர் கண் திறந்து மறுபடி கலியாணம் கட்டினால்தான் அசுரனைக் கொல்ல ஒரு பிள்ளை பிறக்கும். யார் போய் எழுப்புவது? தேவர்கள் எல்லாரும் சேர்ந்து காமனைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். அவன் கரும்பு வில்லோடு போய்ப் பூ அம்பு விட்டான். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தார், பையன் சாம்பல். அவன் பெண்சாதி ரதி அழுத அழுகையில் சிவனுக்கே மனசு இளகி, மூன்றாம் நாள் உயிரைத் திருப்பிக் கொடுத்தார். உயிரைத்தான் கொடுத்தார், உடம்பைக் கொடுக்கவில்லை. காமன் இருக்கிறான், எல்லா இடத்திலும் இருக்கிறான், ஆனால் ரதி கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். இதைத்தான் எங்கள் ஆட்கள் வருஷா வருஷம் காமன் பொட்டலில் காமனாக ஒரு கம்பம் நட்டு, பௌர்ணமி ராத்திரி அதை எரித்து, மூன்றாம் நாள் காமனை எழுப்பி முடிப்பார்கள். பொட்டல் என்பது இதற்கென்றே பயிர் வைக்காமல் விட்ட வெறும் நிலம்.

நான் சிவசக்தி. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயா. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் விட்டுப்போகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எனக்கு இந்தக் கூத்தின் மேல் பெரிய பக்தியெல்லாம் கிடையாது, கோபம்தான் உண்டு. காப்புக் கட்டினவர் மீன், இறைச்சி தொடக் கூடாது. சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. பெண்சாதி பக்கத்தில் படுக்கக் கூடாது. கம்பம் எரிந்த ராத்திரியிலிருந்து எழுப்புகிற நாள் வரைக்கும் ரதிக்கு எங்கள் தோட்டத்தில் இன்னும் இரண்டு கட்டு உண்டு. நெற்றியில் பொட்டு வைக்கக் கூடாது, யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது. பார்க்க வேண்டியவன் முகமே சாம்பலாய்க் கிடக்கும்போது வேறு முகம் எதற்கு என்பார்கள். மூன்று நாள்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். எழுப்பினதும் காப்பை அறுப்பார்கள், மனுஷன் வீட்டுக்கு வந்துவிடுவார்.

போன வருஷம் வரவில்லை.

போன மாசியில் பருவம் தப்பி ஒன்பது நாள் மழை கொட்டியது. கரண்ட் இல்லை. கூத்தை நிறுத்தலாமா என்று கமிட்டியில் பேச்சு வந்தது. கூத்துப் பழக்கிக் கொடுக்கிற மாடசாமி மாஸ்டர், நட்ட கம்பத்தை எரிக்காமல் விட முடியாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பௌர்ணமி அன்று சாயந்தரம் மழை விட்டது. பொட்டலில் தறப்பாள் கட்டினார்கள். தோட்டமே திரண்டு போனது. படுக்கையில் கிடந்த இரண்டு பேரைக்கூட நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப்போனார்கள். லயத்து வரிசை வீடுகளில் மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான்.

ஏன் என்றால் சண்டை. அந்த மனுஷன் என் கலியாணக் கூறைச்சேலையைக் கேட்காமல் எடுத்து ரதி வேஷத்துக்குக் கட்டிக்கொண்டு போய்விட்டார். இருபத்தாறு வருஷம் பொத்திப் பொத்தி வைத்த சேலை. போய் ஆடுங்கள், நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, குப்பி லாம்பைக் கொளுத்தி வைத்துக்கொண்டு போர்வைக்குள் கிடந்தேன். ஓடைக்கு அந்தப் பக்கத்து மேட்டில்தான் பொட்டல். கம்பம் எரிவது கதவு இடுக்கில் சிவப்பாகத் தெரிந்தது. தப்புமேளச் சத்தம் அடங்கியது. அப்புறம் ரதி அழ ஆரம்பித்தார்.

அதை எப்படிச் சொல்வது. பகலில் நாயை அதட்டினால்கூடக் கரகரவென்று வருகிற குரல் அது. அந்த அழுகைக்கு மட்டும் எங்கிருந்துதான் அவ்வளவு இளகி வருமோ. காதில் விழுந்தால் வீட்டுக்குள் இருக்க முடியாது. ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு சண்டை, ஒவ்வொரு வருஷமும் போக மாட்டேன் என்று சத்தியம், அழுகை தொடங்கினதும் கால் தானாக எழுந்துவிடும். அன்றைக்கும் எழுந்தது. முக்காட்டைப் போட்டுக்கொண்டு அவரை ஏசிக்கொண்டே இறங்கினேன். ஓடையைத் தாண்டியபோது லாம்பை அணைத்தேனா இல்லையா என்று சந்தேகம் வந்தது. திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன். அழுகை விடவில்லை. மேட்டில் ஏறிவிட்டேன்.

நான் போய் நின்று கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, பச்சை மண் வாசம் குப்பென்று வந்தது. பிறகுதான் சத்தம். எதிரே லயங்களுக்கு மேலே இருந்த மலை அப்படியே இறங்கி வந்தது. மூன்று லயமும், அதில் என் வீடும், பிள்ளைக்காம்பராவும் இரண்டு மூச்சு விடுகிற நேரத்தில் மண்ணுக்குள் போய்விட்டன. ஒரு பசுமாடு செத்தது, கோழிகள் செத்தன. மனுஷர் ஒருவர்கூடச் சாகவில்லை. எல்லாரும் பொட்டலில் இருந்தோம். நல்ல காலம் என்று பத்திரிகையில் எழுதினார்கள்.

விடிவதற்குள் எங்களைப் பூனாகலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளப்பாறைக்கு இனி யாரும் போகக் கூடாது என்று மஞ்சள் நாடா கட்டிவிட்டார்கள். மூன்றாம் நாள் எப்போது வந்தது, எப்போது போனது? பாய் வந்ததா, பிள்ளைக்குப் பால்மா வந்ததா, யாருக்குக் காய்ச்சல் என்று ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் காமனை யார் நினைத்தார்கள். எரித்தவனை எழுப்பாமல் விட்டுவிட்டு வந்துவிட்டோம். பத்து நாள் கழித்து ஞாபகம் வந்து, மற்ற ஆட்டக்காரர்கள் பக்கத்துப் பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைத்துக் காப்பை அறுத்துப் போட்டார்கள். காமனாக ஆடின நிஷாந்தும் அறுத்தான்.

எங்கள் வீட்டுக்காரர் மட்டும் அறுக்கவில்லை.

ஒரு மாதம், இரண்டு மாதம் என்று பார்த்தேன். பிறகு எங்களைப் பூட்டிக் கிடந்த ஒரு பழைய தேயிலை பெக்டரிக்குள் குடிவைத்தார்கள். குடும்பத்துக்கு ஒரு தடுப்பு, பலகைச் சுவர், கதவுக்குப் பதில் சேலை. அந்தச் சேலைக்கு அந்தப் பக்கம், துருப்பிடித்த அரைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து அவர் படுப்பார். சேலைக்கு இந்தப் பக்கம் நான். முப்பத்தெட்டுக் குடும்பமும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் மீசையை வழித்தார். வெறும் நெற்றியோடு திரிந்தார். என்னிடம் பேசுவார், அரிசி முடிந்ததா, உன் கால்வலிக்கு எண்ணெய் போட்டாயா என்றெல்லாம் கேட்பார். தரையைப் பார்த்துத்தான் கேட்பார். என் முகத்தை ஒருநாள்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. தலைமுடியில் பாதி நரைத்துவிட்டது எனக்கு, அது அவருக்குத் தெரியாது.

பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் நல்ல மனுஷன், அரைமணி நேரம் பேசினார், அதிர்ச்சி என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். இவரும் சமர்த்தாக மூன்று மாதம் விழுங்கினார். தூக்கம் நன்றாக வந்தது, முகம் நிமிரவில்லை. மகள் நிரஞ்சலா வெலிமடையிலிருந்து போன் பண்ணி, அப்பாவை அவர் போக்கில் விடுங்கம்மா என்றாள். அவளுக்கென்ன, சொல்லிவிடலாம். இவருடைய சித்தப்பா ஆவணியில் செத்துப்போனார். தூக்கி வளர்த்த மனுஷன். காப்போடு போக முடியாது என்று இவர் போகவில்லை. நான் போய்விட்டுத் தீட்டோடு இதே தடுப்புக்குள் எப்படி வருவது என்று நானும் போகவில்லை. அதோடு அந்தச் சொந்தம் அறுந்தது. அன்றைக்குத்தான் எனக்குத் தாங்கவில்லை. எல்லாருக்கும் கேட்கட்டும் என்றே கத்தினேன். ஊருக்கெல்லாம் தீர்ந்த கூத்து உங்களுக்கு மட்டும் ஏன் தீரவில்லை, நான் என்ன பாவம் செய்தேன் என்று கேட்டேன். அவர் தன் கைக்கயிற்றைத் திருகினார்.

"அழுகை பாதியில நிக்குது சக்தி" என்றார். "அத முடிக்காம நான் எப்படி வர்றது."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு விளங்கவில்லை. விளங்காததால் கோபம் இன்னும் கூடியது.

தை பிறந்ததும் கமிட்டி கூடியது. இந்த வருஷம் பெக்டரி முற்றத்திலேயே புதுக் கம்பம் நடலாம் என்று எல்லாரும் பேசினார்கள். மாடசாமி மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. எழுபது வயசு, பேச்சு கொஞ்சம்தான். எரிந்து கிடக்கிறவனை எழுப்பாமல் இன்னொருவனை நட்டால் இரண்டும் விளங்காது, எழுப்புவதென்றால் அவன் சாம்பல் கிடக்கிற இடத்தில்தான் எழுப்ப வேண்டும் என்றார். அங்கே போக முடியாதே என்று கமிட்டி கையை விரித்தது. அந்தக் கூட்டத்தில் பொம்பளைகள் பேசுகிற வழக்கம் கிடையாது. நான் எழுந்து, போக அனுமதி வாங்கித் தருகிறேன், வாங்கித் தந்தால் எழுப்புவீர்களா என்று கேட்டேன். எனக்குக் காமனும் வேண்டாம், கம்பமும் வேண்டாம். என் புருஷன் வேண்டும்.

பிரதேச செயலகத்தில் மண்சரிவு, வெள்ளம் என்று அனர்த்த வேலைகளைப் பார்க்கிறவர் ஷம்ரா என்று ஒரு மிஸ். தலையை மூடிக் கட்டின, கண்ணாடி போட்ட, பொறுமையான பொம்பளை. முதல் தடவை போனேன், முடியாது என்றார். இரண்டாம் தடவை போனேன், உங்கள் உயிருக்காகத்தான் சொல்கிறேன் என்று படம் காட்டி விளக்கினார். மூன்றாம் தடவை நான் மதத்தையும் வழக்கத்தையும் விட்டுவிட்டு, வெட்கத்தையும் விட்டுவிட்டு, அந்தச் சாக்கு, சேலைத் தடுப்பு, ஒரு வருஷமாக என் முகத்தைப் பார்க்காத மனுஷன் என்று உள்ளது உள்ளபடி சொல்லிவிட்டேன். சொல்லி முடித்தபோது எனக்கே அழுகை வந்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மண் பரிசோதிக்கிற ஆட்களிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். மூன்று வாரம் மழையில்லாமல் காய்ந்தபிறகு பதில் வந்தது. பகலில், பன்னிரண்டு பேர், ஒரு மணி நேரம். தப்பு அடிக்கக் கூடாது. அவரும் கூட வருவார், விசில் ஊதினால் கேள்வி கேட்காமல் இறங்கிவிட வேண்டும்.

இப்போது அடுத்த தலைவலி. காமனாக ஆடின நிஷாந்த் ஐந்து மாதத்துக்கு முன்பே கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான். எழுப்புகிற சடங்கில் சாம்பல் மேல் ஓர் ஆள் வெள்ளைத்துணிக்குள் கிடக்க வேண்டும். ரதி அழுது முடித்து மூன்று தடவை கூப்பிட்டதும் எழுந்து, ரதி நெற்றியில் பொட்டு வைக்க வேண்டும். விரதம் இல்லாதவன் கிடக்கக் கூடாது. எங்கள் ஆட்கள் மூளையைப் பாருங்கள்: நிஷாந்த் அங்கேயே பதினாறு நாள் விரதம் இருப்பானாம், வீடியோ கோலில் வருவானாம், போனை வெள்ளைத்துணிக்குள் வைப்பார்களாம். மாஸ்டர் முகம் சுளித்தார், வேறு வழி தெரியாமல் சரி என்றார். பொட்டுக்கு என்ன செய்வது என்று நான் கேட்டேன். ஆளாளுக்கு எழுந்து போனார்கள்.

மாசி பிறந்து நாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பன்னிரண்டு பேர் மஞ்சள் நாடாவைத் தாண்டினோம். பால்செம்பும் குங்குமமும் தூக்க ஒரு பொம்பளை வேண்டும் என்று நானும் போனேன். மற்ற எல்லாரும், இருநூறு பேர் இருக்கும், நாடாவுக்கு அந்தப் பக்கம் ரோட்டில் நின்றார்கள். எங்கள் வீட்டுக்காரர் கூறைச்சேலையைக் கட்டியிருந்தார். மண்ணுக்குள் போன என் வீட்டிலிருந்து மிச்சமானது அந்தச் சேலை ஒன்றுதான். அவர் களவாகக் கட்டிக்கொண்டு போனதால் மிச்சமானது. அதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

பொட்டலுக்கு ஒரு கீறல்கூட இல்லை. முழங்கால் அளவு மானாப்புல் வளர்ந்திருந்தது. எதிர்ப்பக்கம் எங்கள் லயங்கள் கிடந்த இடத்தில் செம்மண் காய்ந்து வெடித்து, மேலே ஒரு கொய்யாமரத்தின் உச்சி மட்டும் துளிர்விட்டுக்கொண்டு நின்றது. மாஸ்டர் புல்லை விலக்கிப் பாதி எரிந்த கம்பத்தின் அடிக்கட்டையைக் கண்டுபிடித்தார். விரலால் தோண்டினார். ஒரு சாண் ஆழத்தில் மண் கறுப்பாக வந்தது. அவர் அதை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். ஒரு வருஷ மழைக்குக் கரையாமல் அவன் அங்கேயே கிடந்தான்.

போனை எடுத்தார்கள். நிஷாந்தின் முகம் வந்தது, கண் பாதி மூடினபடி அப்படியே நின்றுவிட்டது. அறுந்தது. மறுபடி எடுத்தார்கள், சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருவன் போனைத் தூக்கிக்கொண்டு பாறைமேல் ஏறினான். இன்னொருவன் கையைத் தூக்கிக்கொண்டு புல்லுக்குள் ஓடினான். இருபத்தைந்து நிமிஷம் இப்படிப் போனது. ஷம்ரா மிஸ் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். எங்கள் வீட்டுக்காரர் அடிக்கட்டைக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் முதுகைப் பார்த்தேன். இன்றைக்கும் இது நடக்காவிட்டால் இந்த முதுகு இப்படியே இருந்துவிடும் என்று எனக்குப் பயம் வந்தது. அப்படி ஒரு பயத்தை மலை இறங்கின அன்றைக்குக்கூட நான் படவில்லை.

போன் வேண்டாம், வந்திருப்பவர்களில் யாராவது கிடங்கள் என்றார் மாஸ்டர். யார் விரதத்தோடு இருக்கிறீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவன் முந்தாநாள் முட்டை தின்றிருந்தான். ஒருவன் சனிக்கிழமை சாராயம். ஒருவன் கலியாணமாகி ஒரு மாதம், அவன் தரையைப் பார்த்தான். எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை.

"வெரதமா?" என்றேன். "ஒரு வருசமா கருவாட்டு வாசம் புடிக்காதவ நானு. சித்தப்பா செத்ததுக்குக்கூடப் போகாதவ நானு. ஒரு வருசமா தனியாப் படுத்துக் கெடக்குறவ நானு. உங்க சாமிக்கு இன்னும் என்ன வெரதம் வேணும்?"

ஏசத்தான் ஏசினேன். அதற்குமேல் மனசில் ஒன்றும் இல்லை. ஆனால் சொல்லி முடித்ததும் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாஸ்டரும் பார்த்தார். எனக்கு அப்போதுதான் நான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. பின்னால் ஒருவன் பொம்பளையா என்று முணுமுணுத்தான்.

மாஸ்டர் அவன் பக்கம் திரும்பினார். "ஆம்பளை ரதியா நிக்கலாம், பொம்பளை காமனாக் கெடக்கக் கூடாதா? அவனுக்குத்தான் ஒடம்பே கெடையாதேப்பா. எந்த ஒடம்பு சுத்தமா இருக்கோ அதுல வந்துட்டுப் போறான்."

பிறகு என்னைப் பார்த்து, படுத்துக்கொள் தாயி என்றார்.

புல்லை மிதித்து இடம் செய்தார்கள். தோண்டின கறுப்பு மண்ணை ஒரு பிடி என் நெஞ்சுமேல் தூவினார்கள். வெள்ளைத்துணியைத் தலைவரை மூடினார்கள். துணிக்குள் வெளிச்சம் பால் மாதிரி இருந்தது. முதுகுக்குக் கீழே நிலம் சூடாக இருந்தது. வெயில் சூடுதான், எனக்குத் தெரியும். தெரிந்தும் மயிர் கூச்செறிந்தது. இந்த நிலத்தில்தான் அவனை எரித்தோம், இந்த நிலத்தில்தான் நாங்கள் அத்தனை பேரும் உயிரோடு உட்கார்ந்திருந்தோம் என்று நினைத்தேன். தப்பு இல்லை, தாளம் இல்லை. ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. அப்புறம் அந்தக் குரல் வந்தது.

முதலில் இருந்து தொடங்கவில்லை அவர். போன வருஷம் எந்த அடியில் நின்றதோ, அந்த அடியிலிருந்து எடுத்தார். நடுவில் ஒரு வருஷம் போகவே இல்லை என்பதுபோல் எடுத்தார். பேர் பேராகச் சொன்னார். முதலாம் லயத்துப் பொன்னையா வீட்டில் ஏழு பேர், நாற்காலியில் வந்த நல்லம்மா, பால் மறக்காத இரட்டைப் பிள்ளைகள் என்று வீடு வீடாகச் சொல்லி, இத்தனை பேரையும் உன் வெளிச்சத்தில் உட்காரவைத்துவிட்டு நீ எரிந்துபோனாயே, நாங்கள் உன்னை மறந்துவிட்டு நடந்துவிட்டோமே என்று அழுதார். ரோட்டுப் பக்கமிருந்து விம்மல் கேட்டது. தங்கள் பேரை அவர்கள் அந்த அழுகையில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நல்ல காலம் என்று பத்திரிகைக்காரன் எழுதிவிட்டுப் போனதை இந்த மனுஷன் ஒரு வருஷமாக எப்படித் தூக்கிச் சுமந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் பிடிபட்டது.

அதற்குப் பிறகு குரல் தாழ்ந்தது. ரோட்டுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

"ஊரெல்லாம் வெளிய உக்காந்திருக்க
ஒருத்தி மட்டும் உள்ள இருந்தா.
பேர் சொல்லிக் கூப்பிட வழியில்ல எனக்கு,
அழுகையத்தான் அனுப்பி வெச்சேன்.
வந்து சேந்தா, வந்து சேந்தா,
மலையும் பின்னால வந்திருச்சே.
அவளக் கூட்டியாந்த அழுகைய நான்
அரையில விட்டுப் போவேனோ?"

இது எந்தக் கூத்துப் பாட்டிலும் இல்லை. பதினாலு வருஷம் கேட்டவளுக்குத் தெரியாதா. ஒவ்வொரு வருஷமும் என் கால் தானாக எழுந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, தானாக எழவில்லை. சண்டை போட்டுவிட்டு வீட்டில் கிடக்கிற பெண்சாதியை அந்த மனுஷன் ஒவ்வொரு வருஷமும் அழுது அழைத்திருக்கிறார். ஊரே கேட்கும்படி அழைத்தும் எனக்கு மட்டும் தெரியவில்லை. ரதி யாருக்காக அழுதாள் என்பதெல்லாம் எனக்கு அந்த வெள்ளை வெளிச்சத்துக்குள் வேறு மாதிரி விளங்கியது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று மலையைவிட வேகமாக வந்து என்னை வெளியே இழுத்துப் போட்டிருக்கிறது. அதற்கு உடம்பு எதற்கு?

மாஸ்டர் துணிமேல் பாலும் தண்ணீரும் தெளித்தார். ரதி மூன்று தடவை கூப்பிட வேண்டும்.

"எந்திரிங்க மதனா" என்றார். நான் அசையவில்லை. முறை அதுதான்.

"எந்திரிங்க மதனா" என்றார் மறுபடி.

மூன்றாவது தடவை வரவில்லை. மாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

"சக்தி, எந்திரி."

எழுந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது, தலையில் புல் ஒட்டியிருந்தது, காமன் எழுகிற அழகு எனக்கு ஏது. துணியை விலக்கினபோது வெயில் கண்ணைக் குத்தியது. எதிரே என் கூறைச்சேலையில் அவர் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். மெல்லத் தலையை நிமிர்த்தினார். முதலில் என் கழுத்து, பிறகு நாடி, பிறகு கண். ஒரு வருஷத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தார். நரைத்த தலையைப் பார்த்தார். சுற்றி அத்தனை பேர் நின்றும் வேறு யாரும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. என்னையே அவர் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறார் போலவும், நானும் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கப்படுகிறேன் போலவும் இருந்தது. குங்குமச் சிமிழை யாரோ நீட்டினார்கள். என் புருஷன் நெற்றியில் நான் பொட்டு வைத்தேன்.

ரோட்டில் ஒரு பொம்பளை குலவை போட்டாள். துணிக்குள் கிடந்தது யார் என்று அங்கிருந்து அவர்களுக்குத் தெரிந்திருக்காது. பத்துப் பேர் போட்டார்கள், பிறகு எல்லாரும் போட்டார்கள். அந்தக் குலவை எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தது. மாஸ்டர் கவ்வாத்துக் கத்தியால் காப்பை அறுத்தார். கயிறு இருந்த இடத்தில் தோல் வெளுத்து ஒரு வளையம் கிடந்தது. நான் ஷம்ரா மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் நேரம் முடிந்து பதினொரு நிமிஷம் ஆகியிருந்தது. விசில் அவர் கையில்தான் இருந்தது. இப்ப எறங்குவமா என்று மெதுவாகக் கேட்டார்.

இறங்கினோம். அவர் முன்னால், நான் பின்னால். பழைய ஆளாகிவிட வேண்டும் என்று நான் சேலையைப் பற்றிப் பேச்செடுத்தேன். கரையெல்லாம் புல்லில் கிழிந்துவிட்டது, கேட்காமல் எடுத்தால் இப்படித்தான் ஆகும் என்றேன். ஓடைக்கரை வந்ததும் எதிரே செம்மண்ணைப் பார்த்தபடி நின்றேன். நான் யாரிடமும் சொல்லாமல் ஒரு வருஷமாக மனசுக்குள் அரித்துக்கொண்டிருந்த ஒரு பைத்தியக்காரச் சந்தேகம் உண்டு. அதைச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு லாம்பை அணைத்தேனா இல்லையா என்று இன்னும் தெரியவில்லை என்றேன். வீடே மண்ணுக்குள் போனபிறகு லாம்பு என்ன லாம்பு என்று சிரிப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"அணைச்சிட்டுத்தான் வந்த" என்றார். "அன்னைக்கு மூணு லயத்துலயும் ஒரே ஒரு வெளிச்சம்தான் இருந்துச்சு. அதப் பாத்துத்தான் அழுதுகிட்டு இருந்தேன். அது அணைஞ்சப்பறம்தான் எனக்கு மூச்சு வந்துச்சு."

ஓடையில் தண்ணீர் கணுக்கால் அளவு ஓடிக்கொண்டிருந்தது. கூறைச்சேலை நனையாமல் முந்தானையை என் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் இறங்கினேன்.